இரவில் ஒளிர்ந்த நீலப் பொடி!

காயலான் கடைக்காரர் ஒருவர், தாம் விலைக்கு வாங்கிய பழைய யந்திரத் துண்டு ஒன்றை இரவில் பார்த்தார். அதற்குள்ளிருந்து நீல ஒளி வந்தது!

அது விலை உயர்ந்த பொருள் என்று அவர் நினைத்தார். தெய்வீகப் பொருளாக இருக்குமோ என்றும் நினைத்தார். வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். உறவினரையும் நண்பர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அரிசி போன்ற சிறு துண்டுகளை அவர்களுக்குக் கொடுத்தார். ஜிகினாப் பொடி போல அதை உடம்பில் பூசிக்கொண்டவர்களும் உண்டு.

இது கதை அல்ல. தென் அமெரிக்காவில், பிரேசில் நாட்டில், கோயானியா என்ற நகரத்தில் 1987-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் நடந்தது. அக்டோபர் மாதத்தில் 4 பேர் இறந்தார்கள். ஒருத்தி 6 வயதுச் சிறுமி. பொடி ஒட்டிய கையோடு சாப்பிட்டவள்.

எங்கிருந்து வந்தது?

அந்தப் பொடியின் பெயர் சீசியம்-137. புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்யும் யந்திரத்துக்குள் இருந்தது. சிகிச்சை நிலையத்தார் வேறு இடத்துக்குப் போனபோது, யந்திரத்தைப் பழைய கட்டிடத்திலேயே விட்டுவிட்டார்கள். பழைய இரும்பு என்று நினைத்து இரண்டு பேர் அதைக் கழற்றி, தள்ளுவண்டியில் எடுத்துப் போனார்கள்.

அணுவுக்குள்ளே

நம் உடம்பு, சோற்றுப் பானை, இந்தக் காகிதம் எல்லாமே அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவில் கரு இருக்கிறது. கருவில் இருப்பவை புரோட்டான், நியூட்ரான். கருவைச் சுற்றி எலெக்ட்ரான்கள் இருக்கின்றன.

பானையின் அணுக்கரு அப்படியே இருக்கும். சீசியம்-137 அப்படி அல்ல. அதன் கருவில் 55 புரோட்டான், 82 நியூட்ரான். (கூட்டினால் 137. பெயரில் உள்ள எண் அதுதான்.) இந்தக் கருவால் அமைதியாக இருக்க முடியாது. ஒரு நியூட்ரான் திடீரென்று புரோட்டானாக மாறுகிறது. அப்போது ஓர் எலெக்ட்ரான் வெளியே பாய்கிறது. இது பீட்டாக் கதிர். இப்போது புரோட்டான் 56 ஆகிவிட்டது. ஆகவே அது சீசியம் அல்ல, பேரியம்! இரும்பைப் பொன்னாக்க அலைந்தவர்கள் கனவு கண்ட வேலையை அணு தானாகவே செய்துவிடுகிறது.

இதோடு முடியவில்லை. பேரியக் கருவில் மிஞ்சிய சக்தி, பெரும்பாலும் காமாக் கதிராக வெளியே வருகிறது. பீட்டாக் கதிரை மெல்லிய அலுமினியத் தகடு தடுத்துவிடும். காமாக் கதிரைத் தடுக்கக் கனமான ஈயம் வேண்டும். இல்லாவிட்டால் அது உடம்பை ஊடுருவிப் போகும். போகும் வழியில் உயிரணுக்களைக் கெடுக்கும். வலி தெரியாது. வாசனையும் இல்லை. சீசியம் பாதியாகக் குறையவே 30 ஆண்டு ஆகும்.

டெல்லியிலும் நடந்தது

பிரேசில் எங்கோ இருக்கிறது என்று இருந்துவிட முடியாது. 2010-ம் ஆண்டு டெல்லிப் பல்கலைக்கழகம், பல ஆண்டு சும்மா கிடந்த ஒரு யந்திரத்தை ஏலத்தில் விற்றது. அதற்குள் கோபால்ட்-60 இருந்தது. அதுவும் காமாக் கதிர் வீசும் பொருள். யந்திரம் மாயாபுரி காயலான் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. உடைத்தார்கள். ஒரு தொழிலாளி இறந்தார். பலர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள்.

உடைத்தவர்கள் படிக்காதவர்கள் என்று சிலர் சொல்லுவார்கள். விற்றவர்கள் படித்தவர்கள் ஆயிற்றே!

மூன்று இதழ் போதாது

இத்தகைய பொருள்களுக்கு ஒரு சின்னம் உண்டு. மஞ்சளில் கறுப்பாக மூன்று இதழ். தெரியாதவர் கண்ணுக்கு அது மின்விசிறி! அதைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

ஆகவே 2007-ம் ஆண்டு சர்வதேச அணுசக்தி ஏஜென்சி புதிய சின்னம் ஒன்றையும் கொண்டுவந்தது. சிவப்பு முக்கோணம். மேலே கதிர் வீசுகிறது. கீழே மண்டை ஓடு. பக்கத்தில் ஒரு மனிதன் ஓடுகிறான். 11 நாடுகளில் ஜனங்களிடம் காட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த படம். எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும்.

ஆனால், அதற்கு முன்பு செய்த யந்திரங்களில் பழைய சின்னம்தானே இருக்கும்? ஆகவே இரண்டையும் ஜனங்களுக்குக் காட்ட வேண்டும். காயலான் கடை வாசலில் ஒட்ட வேண்டும். பள்ளிக்கூடச் சுவரில் எழுத வேண்டும். செலவு ஒரு வாளிச் சாயம்தான்.

"இதைச் சொன்னால் ஜனங்கள் வீணாகப் பயப்படுவார்கள்" என்று சிலர் சொல்லலாம். சொல்லாவிட்டால்தான் வீண் பயம். கோயானியாவில் 1,12,000 பேரைச் சோதித்தார்கள். 249 பேரிடம்தான் சீசியம் ஒட்டியிருந்தது. ஆனால், அந்தச் சிறுமியைப் புதைக்கவிடாமல் ஜனங்கள் கல் எறிந்தார்கள்!

எக்ஸ்ரே எடுத்து வந்தவரைத் தொடப் பயப்படுகிறவர்களும் உண்டு. பயமே வேண்டாம். விளக்கை அணைத்தால் வெளிச்சம் போய்விடும். எக்ஸ்ரேயும் அப்படித்தான். உடம்பில் தங்காது. கதிர் வீசும் தூசி ஒட்டினால்தான் ஆபத்து கூடவே வரும்.

பஸ்ஸில் போன பை

கடைக்காரரின் மனைவிக்கு அணு என்றால் என்ன என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால், பொடி வந்த பிறகுதான் எல்லோருக்கும் வாந்தி என்பதை அவர் கவனித்தார். செப்டம்பர் 28-ந் தேதி, மிச்சம் இருந்த யந்திரத் துண்டை ஒரு பையில் போட்டு, பஸ்ஸில் ஏறி, சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அதன் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

அக்டோபர் 23-ந் தேதி அவர் இறந்தார். அந்தச் சிறுமி இறந்ததும் அதே நாள்தான்.