விலகியவன் கூலி

வேலையினின்றும் விலகிய தொழிலாளி கூலி பாக்கிக்காகப் பழைய முதலாளியின் வாயிலில் மாதக்கணக்காய் நிற்பதை நாம் சகியோம். அவன் கேட்பது தர்மமன்று, உழைத்த கடன். 1936-ம் வருஷத்துச் சட்டம், முதலாளி நீக்கினால் இரண்டாம் வேலை நாள் முடிவதற்குள் கூலி கொடுக்க வேண்டுமென்றது. தானே ராஜிநாமாச் செய்தவனைப்பற்றி அந்த ஷரத்துப் பேசவில்லை. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு அவனுக்கும் இரண்டே வேலை நாள் என்கிறது. மனுவுக்கு மூன்று வருஷத் தவணை. பணம் கொடுத்தாயிற்றென்று ருஜுப்பிக்கும் பாரம் முதலாளியுடையது. (ரசீதின்றிப் பட்டுவாடா செய்வோர் கவனிப்பார்களாக!) ஏழை தனியே மனுச் செய்ய அஞ்சினால், பதிவான தொழிற்சங்கம் அவனுக்காகச் செய்யலாம், ஆனால் அவன் அதில் அங்கத்தினனாயிருக்க வேண்டும். வேலை போன மறுநாளே ஜாபிதாவிலிருந்து பெயரை அடித்துவிடும் சங்கத்தார் யாருக்கு உபகாரம் செய்கிறார்கள்? பாக்கி வசூலாகும் வரை அப்பெயர்களை அடிக்கலாகாதென்று சங்கங்கள் உடனே தீர்மானிக்க வேண்டும்.