பெயரும் இருப்பிடமும்

வகுப்பில் முதற் பலகையில் இரண்டாவதாக அமர்ந்திருப்பவனை ‘இரண்டாமவன்’ என்று அழைத்தல் அன்றைக்குப் பொருந்தும். மறுநாள் அவ்விடத்தில் வேறொருவன் அமரின், அவ்வழைப்பு அவனையே சாரும். பெயர் வேறு, இருப்பிடம் வேறு என்பதனை யாவரும் ஒப்புவர். எனினும், லினக்ஸ் இயங்குதளத்தைக் கையாளும் நம் மாணவருட் பலர், தம் பென் டிரைவையும் புறவட்டையும் பொறுத்தவரை இவ்வெளிய உண்மையை மறந்துவிடுகின்றனர்.

செருகப்படும் வட்டுகளுக்கு லினக்ஸ் ‘எஸ்.டி.ஏ.’, ‘எஸ்.டி.பி.’ முதலிய குறிகளை, அவற்றைக் கண்டறியும் வரிசைப்படி வழங்குகின்றது. இவை இருப்பிடக் குறிகளேயன்றிப் பெயர்களல்ல. நேற்று எஸ்.டி.பி. எனப்பட்ட வட்டு, இன்று மற்றொன்று முந்திச் செருகப்படின் எஸ்.டி.சி. ஆகலாம். இதனை நோக்காது ‘டி.டி.’ என்னும் கட்டளையால் எஸ்.டி.பி.யின்மேல் எழுதுவோன், தன் ஓராண்டு உழைப்பாகிய ஆய்வேட்டின்மேலேயே எழுதிவிடக்கூடும். அக்கட்டளையோ, ‘எழுதலாமா?’ என்று ஒருமுறையும் வினவுவதில்லை.

வட்டிலுள்ள கோப்பு முறைமைக்கு உரிய பெயர்கள் இரண்டு. ஒன்று, நாம் இடும் லேபிள். மற்றொன்று, அம்முறைமை அமைக்கப்படுங்கால் உடனமையும் யூ.யூ.ஐ.டி. என்னும் அடையாள எண். முன்னது மனிதர் கண்ணுக்கு உதவும். பின்னது இயந்திரத்துக்கு உதவும்.

‘செருகினால் தானே திறக்கின்றதே, பெயர் எதற்கு?’ என்பார் உளர். தானே திறப்பது உண்மையே. எவ்விடத்தில் திறக்கின்றது என்பதன்றோ கேள்வி? லேபிள் இருப்பின் அப்பெயராலேயே அடைவு அமையும். இல்லையேல் அடையாள எண்ணால் அமையும். ஒரே லேபிளுடைய இரு வட்டுகளைச் செருகினால், பின்னதன் பெயரோடு ‘1’ ஒட்டிக்கொள்ளும். அந்நிலையில் பழைய வழியை நம்பிய நிரல் வேறு வட்டிலே எழுதிவிடும்.

ஆதலின், வட்டு வாங்கிய அன்றே அதற்குத் தனிப்பெயர் இடுக. பெயர் சுருக்கமாயிருத்தல் நன்று. ஃபேட் முறைமை 11 எழுத்துகளையும், எக்ஸ்ட்4 முறைமை 16 பைட்டுகளையுமே ஏற்கும். யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்வதால், ‘நூலகம்’ என்னுஞ் சிறு சொல்லே 18 பைட் ஆகி எக்ஸ்ட்4-இல் அடங்காது போகும்.

நாள்தோறும் பயன்படும் வட்டை ‘எஃப்.எஸ்.டேப்’ கோப்பில் யூ.யூ.ஐ.டி.யால் குறித்து, ‘நோஃபெயில்’ என்னும் சொல்லையும் சேர்த்திடுக. அஃதின்றேல், வட்டுச் செருகப்படாத நாளில் கணினி பெரும்பாலும் 90 நொடி காத்திருந்து, பின் அவசர நிலையில் நின்றுவிடும். அச்சொல்லைச் சேர்த்தபின் வேறோர் எச்சரிக்கையும் வேண்டும். வட்டு இல்லாதபோது காப்புப்படி எடுக்கும் நிரல், வெற்று அடைவிலேயே படியெடுத்து நம்மை ஏமாற்றலாம். வட்டு மவுண்ட் ஆகியுள்ளதா என்று முதலிற் சோதிக்குமாறு அந்நிரலை அமைத்தல் வேண்டும்.

ஐயம் எழுங்கால் ‘எல்.எஸ்.பி.எல்.கே. -எஃப்’ என்னுங் கட்டளை லேபிள், அடையாள எண், மவுண்ட் ஆன இடம் ஆகிய மூன்றையும் ஒருங்கே காட்டும். அதனைக் காணச் செல்லும் காலம் ஒரு நொடி. இழந்த ஆய்வேட்டை மீண்டும் எழுதச் செல்லுங் காலம் எத்துணை என்பதை மாணவரே கணக்கிட்டுக் கொள்வாராக.