பூட்டு நம்மிடம், திறவுகோல் எவரிடம்?

பத்தாயிரம் ரூபாய் கொடுத்து ஒருவர் கைப்பேசி வாங்குகிறார். பணம் அவருடையது. பொருள் அவருடையது. மாதந்தோறும் கட்டணம் செலுத்துபவரும் அவரே. ஆனால், அந்தப் பேசி எவருக்கு ஊழியம் செய்கிறது? அவர் உறங்கும்போதும் அது உறங்குவதில்லை. எங்கே சென்றார், எவருடன் பேசினார், எந்தக் கடையில் எவ்வளவு செலவிட்டார், எந்த நோய்க்கு மருந்து தேடினார் என்பதையெல்லாம் அவர் முகமறியாத முதலாளிகளுக்கு ஓயாமல் ஓதிக்கொண்டே இருக்கிறது. கூலி கொடுப்பவர் ஒருவர். கோள் சொல்வது வேறொருவருக்கு!

"இதில் என்ன கேடு? மறைப்பதற்கு என்னிடம் ஏதுமில்லையே!" என்று நல்லவர்கள் சிலர் கேட்கின்றனர். மறைக்க வேண்டியவன் குற்றவாளி ஒருவனே என்றால், குளியலறைக்குக் கதவு வைத்தோர் அனைவரும் குற்றவாளிகளோ? கடிதத்தை உறையிலிட்டு ஒட்டி அனுப்பிய நம் பாட்டன்மாரெல்லாம் சதிகாரர்களோ?

அமெரிக்க நாட்டில் 2013ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். கைப்பேசியைக் கைவிளக்காக்கும் ஒரு செயலி. இருட்டில் வெளிச்சம் தருவது மட்டுமே அதன் வேலை. கோடிக்கணக்கில் மக்கள் அதனை இறக்கிக்கொண்டனர். அந்த விளக்கோ, தன்னை ஏந்தியவர் நிற்குமிடத்தையும் அவரது பேசியின் அடையாள எண்ணையும் விளம்பர வணிகர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் வழக்குத் தொடுத்த பிறகே ஊரார் அறிந்தனர். இருட்டில் வழிகாட்டிய விளக்கே வழிப்பறிக்காரனுக்கு ஆள்காட்டியாயிற்று.

அங்கே விளம்பரத்தோடு நின்றது. இங்கே என்ன ஆயிற்று? அவசரத்துக்கு ஐயாயிரம் ரூபாய் வேண்டும் ஓர் ஏழைத் தொழிலாளிக்கு. வங்கியின் படியேறினால் ஈடு கேட்கிறார்கள். கைப்பேசியிலோ ஐந்தே நிமிடத்தில் கடன்! ஈடு வேண்டாம், பிணை வேண்டாம், "அனுமதி" என்ற ஒரு சொல்லை விரலால் தொட்டால் போதும். தொட்டார். தொட்ட நொடியிலேயே அவருடைய பேசியில் இருந்த பெயர்கள், எண்கள், மகளின் திருமணப் படம் வரை அத்தனையும் கடன் கொடுத்தவனின் பெட்டகத்துக்குள் போய்விட்டன. ஈடு வேண்டாம் என்றானே, அவன் வாங்கிய ஈடு அவருடைய மானம்! தவணை ஒரு நாள் தவறியது. மாமனாருக்கு அழைப்பு போயிற்று. வேலை கொடுத்தவருக்குப் போயிற்று. ஒட்டுவேலை செய்த ஆபாசப் படம் உறவினர் அனைவருக்கும் போயிற்று. கந்துவட்டிக்காரன்கூட வாசலில் நின்றுதான் வசைபாடினான்; இவன் வாசலுக்கே வராமல் குடும்பத்தின் மானத்தை வாங்கினான். 2020ஆம் ஆண்டின் இறுதியில் தெலங்கானாவில் இக்கொடுமை தாளாது உயிரை மாய்த்துக்கொண்டோர் உண்டு. அதன் பின்னரும் ஏறக்குறைய இரண்டாண்டுகள் கழித்து, 2022 செப்டம்பரில்தான் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் வாடிக்கையாளரின் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவுகளையும் கோப்புகளையும் தொடலாகாது என்று விதி செய்தது. கூகுள் நிறுவனத்தின் செயலிச் சந்தையில் இதே தடை வந்தது 2023 மே இறுதியில். ஏழையின் உயிர் போன வேகம் எங்கே, விதி வந்த வேகம் எங்கே!

வணிகத் தோழர்களுக்கும் ஒரு சொல். அந்நாளில் கடைக்காரர்கள் பேரேட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினர். கொள்முதல் விலையை எதிர்க்கடைக்காரர் அறியாதிருக்கக் குறிமொழியில் எழுதினர். இன்று அந்தப் பேரேடு, வாடிக்கையாளரின் கடன்பாக்கி, சரக்கு அனுப்புவோரின் விலைப்பட்டியல், வங்கிக் கணக்கு யாவும் ஒரே கைப்பேசியில். மாலையில் அதே பேசியில் பிள்ளை விளையாட்டுச் செயலி ஒன்றை இறக்குகிறான். அது கேட்ட அனுமதியையெல்லாம் அள்ளிக் கொடுக்கிறான். திரை உடைந்தால், கடவு எண்ணையும் சொல்லிப் பழுதுபார்க்கும் கடையில் விட்டுவிட்டு வருகிறார் அப்பன். பழைய பேசியை விற்கும்போது, உள்ளிருப்பதை முற்றிலும் அழித்துவிட்டு விற்பவர் எத்தனை பேர்? இரும்புப் பெட்டியைத் திறவுகோலோடு சந்தையில் வைத்துவிட்டு வருவோமா?

பெரிய நிறுவனங்கள் காப்பாற்றும் என்பாரும் உளர். 2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நலக்காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் ஆவணங்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, டெலிகிராமில் கேட்டவர்க்குக் கேட்டபடி கிடைத்த செய்தி அம்பலமாயிற்று. நோயாளி மருத்துவரிடம் மட்டும் சொன்ன நோய், நாற்சந்திக்கு வந்தது.

இனி ஆட்சியாளரின் பக்கம் திரும்புவோம். தனியார் கொள்ளையைத் தடுக்க வேண்டிய காவலர் என்ன செய்கிறார்?

உத்தரப்பிரதேசத்தில் கரக்சிங் என்றொருவர். கொள்ளை வழக்கில் சான்றில்லாமல் விடுவிக்கப்பட்டவர். ஆயினும் போலீசார் நள்ளிரவில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர், போகுமிடமெல்லாம் பின்தொடர்ந்தனர். அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1962இல் தீர்ப்பு வந்தது: இரவில் வீடு புகுவது தகாது, ஆனால், அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் உறுதி தரும் உரிமையன்று! நீதிபதி சுப்பாராவ் மட்டும், நீதிபதி ஷாவின் உடன்பாட்டோடு, தனிமனித உரிமையின் இன்றியமையாத கூறு அது என்று மாறுபட்டு எழுதினார். அந்த மாறுபட்ட குரல் சட்டமாவதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி 2012இல் தொடுத்த வழக்கில், ஒன்றிய அரசின் வழக்கறிஞர் 2015ஆம் ஆண்டு எழுந்து நின்று, அத்தகைய அடிப்படை உரிமையே இல்லை என்று வாதாடினார். குடிமகனின் காசில் குடிமகனின் உரிமைக்கு எதிராக வழக்காடிய விந்தையைக் கண்டோம். 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, உண்டு அவ்வுரிமை என்று தீர்ப்பளித்தனர்.

தீர்ப்புக்குப் பிறகாவது திருந்தினரா? பெகாசஸ் உளவு மென்பொருள் குறித்து உச்ச நீதிமன்றம் 2021இல் குழு அமைத்தது. 29 கைப்பேசிகள் ஆராயப்பட்டன. ஐந்தில் தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என உறுதியாகவில்லை. இதைக் குழுவே நேர்மையுடன் சொன்னது. அரசு ஒத்துழைக்கவில்லை என்பதையும் சொன்னது. குற்றமற்றவர் வாய் திறப்பதற்கு என்ன தயக்கமோ!

2022 மே மாதத்தில் ஒரு கூத்து. ஆதார் நகலைக் கண்டவரிடமெல்லாம் கொடுக்காதீர் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் அறிக்கை விட்டது. நல்லறிவுரை! இரண்டே நாளில், தவறாகப் பொருள் கொள்ளப்படலாம் என்று கூறித் திரும்பப் பெற்றனர். 2025 நவம்பர் இறுதியில் இன்னொன்று: விற்கப்படும் ஒவ்வொரு புதிய பேசியிலும் "சஞ்சார் சாத்தி" என்னும் அரசுச் செயலியை முன்கூட்டியே பதித்து விற்க வேண்டும் என்று உற்பத்தியாளர்களுக்கு ஆணை. களவுபோன பேசியைக் கண்டுபிடிக்க உதவுகிறதாம். உதவட்டும், விரும்புவோர் வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் அரசே ஆள் வைக்கும் என்றால் ஏற்போமா? எதிர்ப்பு எழுந்தது, டிசம்பர் 3 அன்று கட்டாயம் கைவிடப்பட்டது. குரல் கொடுத்தால் ஆணையும் பின்வாங்கும் என்பதற்கு அண்மைச் சான்று இது.

2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தையும் வணிகர்கள் படிக்க வேண்டும். சோதனைக்கு வரும் அதிகாரி கதவையும் பெட்டியையும் உடைத்துத் திறக்கலாம் என்னும் அதே பிரிவில், கணினியின் கடவுச்சொல்லையும் மின்னஞ்சல் முதலியவற்றின் பூட்டையும் மீறி நுழையலாம் என்று எழுதியிருக்கிறார்கள். நீதிமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை. மேலதிகாரியின் ஆணை போதும்.

எல்லாவற்றுக்கும் விடை என்று காட்டப்படுவது 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் என்கிறது. கேட்கச் செவிக்கினிமை! அந்தத் தண்டம் எங்கே போகும்? இந்திய அரசின் தொகுப்பு நிதிக்கு. மானமிழந்தவருக்கு? ஒரு காசும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் இழப்பீடு பெற இருந்த வழியையும் நீக்கிட இச்சட்டமே வகை செய்கிறது. புகார் பொய்யானது, அற்பமானது என்று முடிவானால், புகார் கொடுத்தவர்மீது பத்தாயிரம் ரூபாய் வரை தண்டம்! 17ஆம் பிரிவோ, ஒன்றிய அரசு தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்ற பெயர்களில் விலக்களிக்க இடந்தருகிறது. 44ஆம் பிரிவு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கைவைத்து, தனிப்பட்ட தகவலைப் பொதுநலன் கருதி வெளியிட அதே பிரிவில் இருந்த வழியைத் துடைத்துவிட்டது. வேறு பிரிவில் பொதுநல வாசல் இருக்கிறதே என்பது ஆட்சியினர் வாதம். இருந்த வாசலை அடைப்பானேன்? குடிமகனின் வீடு கண்ணாடியாம், அதிகாரியின் அறை கருங்கல்லாம்!

இவை மேடையில் பேச வேண்டியவை. செயலில் செய்ய வேண்டியவையும் உள்ளன. கேட்கப்படும் அனுமதியெல்லாம் கொடுக்கப்பட வேண்டியவை அல்ல. பேசியின் அமைப்புப் பக்கத்தில் எந்தச் செயலிக்கு என்ன உரிமை என்று பார்த்து, வேண்டாததை நீக்கலாம். ஆதார் கேட்கும் இடத்தில், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைத் தரலாம். துணிக்கடையில் பட்டியல் போடக் கைப்பேசி எண் கேட்டால் மறுக்கலாம். எண்ணைக் கட்டாயப்படுத்த வேண்டாமென 2023 மே மாதத்திலேயே ஒன்றிய நுகர்வோர் துறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியுள்ளது.

ஊரைத் திருத்தக் கிளம்புமுன் கட்சிகளின் முற்றத்தையும் பார்க்க வேண்டும். உறுப்பினர் படிவத்தோடு ஆதார் படத்தை வாங்கி, இருநூறு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவில் இடுகின்ற பழக்கம் எந்தக் கட்சியில் இருந்தாலும் இழிவே. வாக்குச்சாவடிக் குறிப்பேட்டில் பெயர், எண், சாதி, தொழில், எவருக்கு வாக்களிப்பார் என்ற ஊகம் வரை எழுதுகிறார்கள். தேர்தல் முடிந்த மறுவாரம் அத்தாள் தேநீர்க்கடையில் வடை மடிக்கப் போகிறது! கிளைச் செயலாளர்கள் உறுப்பினர் பட்டியலைக் குழுக்களில் இடுவதை இந்த வாரமே நிறுத்த வேண்டும். முன்னர் இட்டவற்றை நீக்க வேண்டும். பதிவேடு கிளையின் பெட்டியில் இருக்கட்டும். அதைப் பார்த்தவர் பெயரும் அதிலேயே எழுதப்படட்டும். வாக்குச்சாவடிக் குறிப்புகளை எண்ணிக்கை முடிந்த அன்று மாலையே, இரண்டு தோழர்கள் முன்னிலையில் எரித்துவிடுங்கள்.