கருங்கல்லும் கணினி வரைபடமும்

போர்த்துக்கேயர் இடித்த திருக்கேதீஸ்வரத்தின் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்பது வழிவழிச் செய்தி. அந்தக் கோயிலின் வரைபடம் எதையும் நான் கண்டதில்லை. இந்திய உதவியுடன் கருங்கல்லில் திருப்பணி நிறைவேறி, 2022 ஜூலையில் குடமுழுக்கும் நடந்தது. மகிழ்ச்சியே. ஆனால் எந்த ஊரிலும் பழைய கோயிலைப் பிரிக்குமுன் அதை ஓட்டோகாட்டில் வரைந்து வைக்க வேண்டும் என்பேன்.

அளவைச் சுருக்காதீர்கள், மூன்று மீற்றர்த் தூணை மூன்று மீற்றராகவே வரையுங்கள். சுருக்குவதை அச்சிடும்போது பார்த்துக்கொள்ளலாம். பழைய கல், புதிய கல், பின்னர் பூசிய சீமெந்து ஆகியவை தனித்தனி லேயரில் இருக்கட்டும். ஸ்தபதியின் தாள் வரைபடத்தை ஸ்கேன் செய்து உள்ளிட்டால், நேரில் அளந்த ஒரு நீளத்தைக் கொடுத்து 'ஸ்கேல்' கட்டளையால் சரிசெய்யுங்கள். முக்கியமாக, அவர் 24 அங்குலத்தை ஒரு முழமாகக் கொள்வார். அந்த அங்குலம் அடிக்கோலின் அங்குலம் அன்று. கோப்பை டிஎக்ஸ்எஃப் வடிவிலும் சேமியுங்கள். வேறு மென்பொருளிலும் திறக்கும்.