ஆலோசனைக்கு என்ன விலை?

சித்தியவானில் காய்ச்சல் கண்டவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரு வெள்ளி கட்டி அரசு கிளினிக்கில் காத்திருக்கலாம். அல்லது கடைவீதியில் உள்ள தனியார் கிளினிக்குக்குப் போய் மருந்துப் பையோடும் எம்.சி.யோடும் சீக்கிரம் வீடு திரும்பலாம். இரண்டாம் வழியில் போனவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அஞ்சு நிமிசம் பார்த்ததுக்கு இவ்வளவா? டாக்டருங்களுக்கு என்னப்பா!"

அந்த 'அஞ்சு நிமிச'த்திற்கு 2025 மே மாதத்தில் சட்டம் வைத்திருந்த விலை என்ன தெரியுமா? 10 முதல் 35 வெள்ளி. மலேசிய மருத்துவச் சங்கம் 1992-இல் வகுத்த கட்டணம் இது. 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரச் சட்டம் 2006-இல் நடப்புக்கு வந்தபோது, விதிமுறைகள் அதே தொகையை நிலைநிறுத்தின. 2025 மே 6-இல் மருத்துவர்கள் புத்ராஜெயாவில் திரண்டபோதும் அது மாறியிருக்கவில்லை. அதாவது, நான் பிறப்பதற்கு வெகு முன்பே எழுதிய விலை! இதற்கிடையே கடை வாடகை, தாதியர் சம்பளம், மின்கட்டணம் எதுவும் 1992-லேயே நிற்கவில்லை.

பிறகு கிளினிக் எப்படி நடந்தது? மருந்தில்தான். ஆலோசனைக்கு வாங்க முடியாததை மாத்திரையின் விலையில் ஏற்றிக்கொண்டார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். 2025 மே 1 முதல் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டதும் கிளினிக்குகள் கொதித்தது ஏன் என்று இப்போது புரியும். விலையைக் காட்டச் சொன்னது சரியே என்பது என் கருத்து. ஆனால் ஒரு கதவை மூடுபவர், மறு கதவைத் திறந்திருக்க வேண்டாமா?

உச்சவரம்பை உயர்த்தினால் மட்டும் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். தொழிற்சாலையில் வேலை செய்யும் நம் அண்ணன்மார் பலர் நிறுவன அட்டையைக் காட்டித்தான் மருந்து வாங்குகிறார்கள். அந்தப் பணத்தைக் கொடுப்பது இடைத்தரகு நிறுவனம். இவ்வளவுதான் தருவோம் என்று அது முடிவு செய்துவிட்டால் சிறிய கிளினிக் எதிர்த்துப் பேசவா முடியும்?

நம்மவர்களுக்கு இதில் தனிக் கவலை உண்டு. தோட்டக் காலத்தில் காய்ச்சல் என்றால் டிரெசரிடம் ஓடுவோம். அவர் கொடுக்கும் கலவை மருந்தைத் தாத்தாக்கள் இன்றும் கேலி செய்கிறார்கள். என்றாலும் அதற்கு அவர்கள் கைக்காசு கொடுக்கவில்லை. தோட்ட மக்களின் மருத்துவம் முதலாளியின் பொறுப்பாக இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்ததும் டிரெசரும் மறைந்தார். அவர் இடத்தில் இன்று இருப்பவர் கடைவீதி டாக்டர். முதலாளியின் இடத்தில்தான் யாரும் இல்லை.

குறைந்தபட்ச சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. அதை வாங்கும் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்கள்? அவர்களிடம் போய் "டாக்டர் பாவம், கூடக் கொடுங்கள்" என்று எனக்குச் சொல்ல வாய் வராது. டாக்டரும் நஷ்டத்தில் கடை நடத்த முடியாது. பிரிட்டனில் 1948 முதல், குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொண்ட ஒவ்வொருவருக்கும் அரசே பணம் கொடுக்கிறது. நோயாளி கிளினிக்கில் காசு நீட்டுவதில்லை. இங்கே எல்லாருக்கும் முடியாதென்றால், நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ள முதியோருக்காவது அப்படித் தொடங்கலாம். அரசு கிளினிக்கின் வரிசையும் குறையும்.

இன்னும் ஒன்று. சேமநிதியை எடுத்தும் நிலத்தை விற்றும் பிள்ளையை மருத்துவம் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோர் நம்மிடையே நிறைய. 2016 இறுதியிலிருந்து புதிய மருத்துவர்களுக்கு நிரந்தர வேலை கிடையாது, ஒப்பந்தம்தான் என்றானது. 2021 ஜூலை 26-இல் அவர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். அரசு வேலை நிலைக்காவிட்டால் சொந்தக் கிளினிக் என்று கணக்குப் போடும் அப்பா அம்மாக்கள், கிளினிக் வைத்திருக்கும் ஒருவரிடம் மாதக் கணக்கைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டட்டும்.