‘ராணுவ வீரருக்கே இந்த நிலையா?’ என்று கேட்காதீர்கள்

ஜமுனாமரத்தூரில் மாணவர் கூட்டம் முடித்துவிட்டு மலையிறங்கி வந்தோம். போளூர் பேருந்து நிலையத்தில் வேலூர் வண்டிக்குக் காத்திருந்தபோது, எங்கள் கையிலிருந்த அம்பேத்கர் நூலைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த பெரியவர் பேச்சுக் கொடுத்தார். அவர் எழுந்து நடந்தபோதுதான் கவனித்தோம். இடது கால் செயற்கைக் கால். எல்லையில் கண்ணிவெடியில் போனதாம்.

பென்சன் ஒழுங்காக வருகிறது. ராணுவத்தின் மேல் அவருக்குக் குறையில்லை. குறையெல்லாம் ஊரின் மேல்தான். அதே காலத்தில் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பிய ஊர்த்தெருக்காரர் ‘மிலிட்டரிக்காரர்’. இவர் இன்றும் ‘காலனி ஆளு’. ஆகஸ்ட் 15 அன்று பள்ளியில் கொடியேற்ற அவரைக் கூப்பிடுகிறார்கள். இவரை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை.

எங்களுக்கு ஆத்திரம் பொங்கியது. “அய்யா, ஒரு வீடியோ எடுத்துக்கிறோம். நாட்டுக்காகக் கால் குடுத்தவருக்கே இந்த நிலைமையான்னு எல்லாரும் கேக்கட்டும்” என்றோம்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “வேணாம் தம்பி. காலு போனதுக்காவ எனக்கு மரியாத குடுக்கணும்னா, ரெண்டு காலும் நல்லா இருக்கிற எந்தம்பிக்கு வேணாமா? அவன் கரும்பு வெட்றவன்.”

வண்டி வரும்வரை நாங்கள் வாய் திறக்கவில்லை.

தோழர்களே, நாம் பழகிப்போன வாதம் அது. ராணுவ வீரருக்கே இப்படியா? ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கே இப்படியா? ஊராட்சித் தலைவருக்கே இப்படியா? அந்த ‘ஏ’காரத்துக்குள் ஒரு ஒப்புதல் ஒளிந்திருக்கிறது. சாதனை எதுவும் இல்லாதவருக்கு நடந்தால் அது அவ்வளவு பெரிய செய்தியில்லை என்ற ஒப்புதல்.

ரத்தம் கொடுத்தாவது மரியாதை வாங்கலாம் என்று நம்பியவர்களுக்கு வரலாறு என்ன கொடுத்தது? 1818இல் கோரேகானில் மகர் வீரர்கள் பேஷ்வா படையை எதிர்த்து நின்றார்கள். அவர்களை வைத்துப் போர்களை நடத்திய அதே வெள்ளையர் ராணுவம், 1890களில் ‘போர்க்குடி’க் கணக்குப் பேசி அவர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. முதல் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டதும் மகர் படைப்பிரிவு முளைத்தது. போர் முடிந்ததும் கலைந்தது. இரண்டாம் உலகப் போரில், 1941இல், மறுபடியும் மகர் ரெஜிமெண்ட். 1943இல் தொடங்கிய சமார் ரெஜிமெண்டை 1946இல் கலைத்தார்கள். போர் வந்தால் வீரர், முடிந்தால் தீண்டத்தகாதவர்.

அண்ணலின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். அந்த சுபேதாரின் பிள்ளைகள் 1901இல் மசூர் ரயில் நிலையத்தில் நல்ல உடுப்போடு இறங்கினார்கள். மகர் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்றவில்லை. இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

பழங்கதை என்பீர்களா? 2016இல் காஷ்மீரின் பாம்போரில் கொல்லப்பட்ட ஒரு சி.ஆர்.பி.எஃப். வீரரின் உடலை எரிக்கப் பொது நிலம் தர, உத்தரப்பிரதேசத்தின் ஃபிரோசாபாத் மாவட்டத்தில் சொந்த ஊரின் ஆதிக்கச் சாதியினர் மறுத்தார்கள். அதிகாரிகள் வந்து பேசிய பிறகே இடம் கிடைத்தது. தேசியக் கொடி போர்த்திய உடலிலும் சாதியைத்தான் தேடினார்கள்.

இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், 2023 ஜனவரி 30 அன்று, தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் நுழைந்தார்கள். பதக்கத்தைக் காட்டி நுழையவில்லை. பானையும் பூவும் எடுத்துக்கொண்டு, உரிமையுள்ள குடிமக்களாக நுழைந்தார்கள். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தபோது, யார் எவ்வளவு ரத்தம் சிந்தினார் என்று கேட்கவில்லை.

எனவே அடுத்த முறை துண்டறிக்கை எழுதும்போது அந்த ‘ஏ’காரத்தை அடித்துவிடுங்கள். பெரியவரின் பெயரும் ஊரும் இங்கே இல்லை, அவர் விரும்பவில்லை. கால் இழந்த அண்ணனுக்கு எவ்வளவு மரியாதை உண்டோ, கரும்பு வெட்டும் தம்பிக்கும் அவ்வளவு உண்டு. ஒரு பிடி குறைத்துத் தந்தாலும் வாங்க மாட்டோம்.

ஜெய்பீம்.