கெட்டி என்றால் பத்திரமா?

புக்கிட் மெர்தாஜாம் பட்டறைகளில் கம்ப்ரசர் டாங்கியைப் பார்த்து, “கெட்டி இரும்பு, ஒன்றும் ஆகாது” என்பார்கள். 1965 டிசம்பரில் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில், 149 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கலன் தண்ணீர் அழுத்தச் சோதனையிலேயே உடைந்தது. 2 டன் துண்டு 40 மீட்டருக்கும் அப்பால் போய் விழுந்தது. காரணம், வெல்டிங் ஓரத்தில் ஒரு சிறு விரிசல்.

விரிசலின் நுனியில்தான் இழுவிசை குவியும். மெல்லிய தகடு கொஞ்சம் நீண்டு ஈடுகொடுக்கும். தடித்த சுவரின் நடுப்பகுதிக்கு அந்த வழியில்லை, சட்டெனப் பிளந்துவிடும்.

நம் டாங்கி மெல்லியதுதான். ஆனால் உள்ளே இருப்பது தண்ணீரல்ல, காற்று; ஸ்பிரிங் மாதிரி சக்தியைச் சேர்த்து வைக்கும். பட்டறைக்கார அண்ணன்மாரே, தகுதிச் சான்றிதழின் தேதியைப் பாருங்கள். துருவின் மேல் சாயம் பூசினால், விரிசலும் கண்ணுக்கு மறைந்துவிடும்.